இலவச சார்ஜ்: டெஸ்லாவின் கணக்கும் கொழும்பின் கணக்கும்

ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு மின்சாரக் கார் விற்கிற ஒரு நிறுவனம், கூடவே மாதம் சில ஆயிரம் ரூபா பெறுமதியான கரண்டை ஏன் சும்மா தருகிறது? தாராள மனம் என்று நினைத்தால் பிழை. ஏமாற்று என்று நினைத்தாலும் பிழை. இதற்குப் பின்னால் பத்து வருடங்களுக்கு மேலான ஒரு வியாபார வரலாறு இருக்கிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு மின்சாரக் கார் பக்கம் யோசிக்கிற கொழும்புக் குடும்பங்களுக்கும், அந்தக் கார்களை விற்கிறவர்களுக்கும் அந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவச சார்ஜில் நிறுவனம் விற்பது பயத்துக்கான மருந்தை. அதற்கு உண்மையாகச் செலவாவது சார்ஜருக்கு முன்னால் இருக்கிற இடமும் நேரமும்தான். யூனிட் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். கார்கள் குறைவாக இருக்கும்வரை இந்த வியாபாரம் மிக நன்றாக ஓடும். கார்கள் பெருகியதும் அதே சலுகை கொடுத்தவரையே நெருக்கும்.

டெஸ்லா செய்தது

2012 ஜூனில் அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா தன் மொடல் எஸ் காரைக் கையளிக்கத் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் கலிபோர்னியாவில் 6 இடங்களில் சூப்பர்சார்ஜர் என்ற தன் வேகச் சார்ஜ் நிலையங்களைத் திறந்தது. பெரிய பற்றரி உள்ள கார்களுக்கு அந்த நிலையங்கள் காலம் முழுவதும் இலவசம். 60 கிலோவாட் மணி (60 யூனிட்) பற்றரி எடுத்தவர்கள் அந்த வசதிக்காக 2,000 டொலர் மேலதிகமாகக் கட்ட வேண்டியிருந்தது. இந்த 2,000 டொலரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இலவசத்துக்கு விலை இருந்தது, அது காரின் விலைக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். டெஸ்லாவின் வருடாந்த நிதி அறிக்கைகளும் இதை மறைக்கவில்லை: சூப்பர்சார்ஜர் வசதி என்பது வாடிக்கையாளருக்கு இனிமேல் வழங்க வேண்டிய சேவை என்று காட்டி, கார் விற்ற காசில் ஒரு பங்கை உடனே வருமானமாக எழுதாமல் தள்ளி வைத்தார்கள்.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். 70 ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துக் கார் வாங்குகிற ஒருவருக்கு ஐந்து பத்து டொலர் கரண்ட் பெரிய விடயமே இல்லை. அவருக்கு இருந்த பயம் வேறு. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் வழியில் பற்றரி இறங்கினால் என்ன செய்வது? பெற்றோல் கார்க்காரருக்கு இந்தக் கேள்வியே வராது. டெஸ்லா சார்ஜரைக் கட்டியது பயத்தின் முதல் பாதியைத் தீர்த்தது. இலவசம் என்று அறிவித்தது இரண்டாவது பாதியை. காசு எவ்வளவு, எந்த அட்டை, எந்த இயந்திரம் என்று ஒன்றையும் யோசிக்க வேண்டாம், போய்ச் செருகினால் போதும். வாங்குகிறவரின் மனத்திலிருந்து ஒரு முழுக் கேள்வித்தாளையே எடுத்துவிட்டார்கள்.

அந்த நிலையங்களை எங்கே கட்டினார்கள் என்பதும் திட்டத்தின் பகுதிதான். பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரங்களில், ஊருக்கும் ஊருக்கும் இடையில். அன்றாட ஓட்டத்துக்கு ஆட்கள் வீட்டில் தங்கள் சொந்தக் காசில் சார்ஜ் போடுவார்கள், வருடத்தில் சில பயணங்களுக்கு மட்டும் இங்கே வருவார்கள் என்பதுதான் கணக்கு. "எப்போதும் இலவசம்" என்று சொன்னாலும் எப்போதாவதுதான் பாவிக்கப்படும். வாக்குறுதி பெரிது, செலவு சிறிது. சலுகை வடிவமைப்பில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் கணக்கு பிசகத் தொடங்கியது. இலவசம் என்றால் ஆட்கள் தங்கள் பழக்கத்தையே மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் பிளக் இருந்தும் பக்கத்துச் சூப்பர்சார்ஜருக்குப் போய் நிறைத்துக்கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள். 2015 ஆகஸ்டில், வீட்டுக்குக் கிட்ட அடிக்கடி பாவிக்கிறவர்களுக்கு டெஸ்லா கடிதம் அனுப்பியது. கடிதத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 35 ஆயிரம் டொலர் என்று அறிவிக்கப்பட்ட மொடல் 3 வரப்போகிறது, எண்ணிக்கை பல மடங்கு கூடும் என்று தெரிந்தபோதுதான் உண்மையான மாற்றம் வந்தது. 2016 இல் டெஸ்லா கையளித்த கார்கள் 76 ஆயிரத்தை ஒட்டி. 2018 இல் 2 இலட்சத்து 45 ஆயிரத்தை ஒட்டி. ஆகவே 2017 தொடக்கத்துக்குப் பிறகு கார் வாங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு 400 யூனிட் மட்டும் இலவசம், மிச்சத்துக்குக் கட்டணம் என்று 2016 நவம்பரில் அறிவித்தார்கள்.

அடுத்த மாதமே வந்த இன்னொரு விதியை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் விட்டால் நிமிடத்துக்கு 40 அமெரிக்கச் சதம் கட்டணம், ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தால் அந்தக் கட்டணம் இல்லை. கரண்ட் இலவசமாக உள்ள காருக்கும் இது பொருந்தும். கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் எழும்பாமல் இருந்தால் குறைவது சோறு இல்லை, அடுத்த ஆளுக்கு இலை போடும் இடம். டெஸ்லா அதைக் கண்டுபிடித்து, சோற்றை விட்டு இடத்துக்கு விலை போட்டது. 2017 டிசம்பரில் வாடகைக் கார், டக்ஸி ஓட்டம் போன்ற வணிகப் பாவனைக்குச் சூப்பர்சார்ஜரைப் பாவிக்கக்கூடாது என்ற விதியும் வந்தது.

ஆனால் இலவசம் அத்தோடு செத்துப்போகவில்லை. ஏற்கெனவே கார் வைத்திருக்கிறவர் சிபாரிசு செய்தால் புதியவருக்கு வரம்பில்லா இலவசம் என்று 2017 இல் திரும்பி வந்தது. 2018 செப்டம்பரில் முடிந்தது. இது பெருந்தொகை உற்பத்திக்குத் தாங்காது, ஆட்களைச் சரியான முறையில் நடந்துகொள்ளவும் தூண்டாது என்ற கருத்தை எலான் மஸ்க் அப்போது பகிரங்கமாகவே எழுதினார். அடுத்த வருடமே விலை கூடிய எஸ், எக்ஸ் மொடல்களுக்கு அதே இலவசம் திரும்பியது, 2020 இல் மறுபடி எடுக்கப்பட்டது. முதலில் பயத்துக்கு மருந்தாக இருந்தது இந்தக் கட்டத்தில் விற்பனையைத் தட்டிவிடும் விசையாக மாறிவிட்டது. மெதுவாக ஓடுகிற மொடலுக்குப் போடுவார்கள், நன்றாக ஓடினால் எடுத்துவிடுவார்கள்.

ஏன் நேராக விலையைக் குறைக்கக் கூடாது? 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோது, சில கிழமைகளுக்கு முன் கூடிய விலைக்கு வாங்கியவர்கள் காட்சியறைகளுக்குத் திரண்டு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விலை குறைந்தால் நேற்று வாங்கியவரின் காரும் அன்றே பெறுமதி இழக்கிறது. இலவச சார்ஜ் அப்படி ஒருவரையும் குத்துவதில்லை. விலைப்பட்டியல் அப்படியே நிற்கும். சலுகை வரும், போகும். வாகனத்தைப் பாதிச் சேமிப்பாகவே நினைக்கிற, விற்கும்போது என்ன விலை போகும் என்று வாங்கும் அன்றே கேட்கிற நம் ஊரில் இந்தக் காரணம் இன்னும் பலமானது.

இன்னொருவர் கூரைக்குக் கீழே

டெஸ்லாவின் சார்ஜர் டெஸ்லாவுடையது. மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இருக்கவில்லை. நிசான் 2014 இல் அமெரிக்காவின் சில நகரங்களில் லீஃப் வாங்குகிறவர்களுக்கு 2 வருடம் பொதுச் சார்ஜர்களில் இலவசம் என்று ஒரு அட்டை கொடுத்தது. அந்தச் சார்ஜர்கள் பல வேறு நிறுவனங்களுடையவை. கட்டடச் செலவு இல்லை, வாடிக்கையாளருக்கு ஒரே அட்டை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சார்ஜர் பழுதானால் அதைத் திருத்த நிசானால் முடியாது.

வொக்ஸ்வாகனின் கதை இன்னும் ஆழமானது. டீசல் புகை மோசடிக்கான தீர்வின் ஒரு பகுதியாக, அமெரிக்காவில் 10 வருடத்தில் 200 கோடி டொலரை மின்வாகன வசதிகளுக்குச் செலவிட அந்த நிறுவனம் கட்டுப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற சார்ஜர் வலையமைப்பு. வொக்ஸ்வாகன் ஐ.டி.4 வாங்கியவர்களுக்கு முதலில் 3 வருடம் வரம்பில்லா இலவசம். ஹூண்டாய் அயோனிக் 5 க்கு 2 வருடம், ஒரு தடவைக்கு 30 நிமிடம். கியா ஈவி6 க்கு 1,000 யூனிட். எல்லாரும் ஒரே நிலையத்தில்!

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கு மட்டும் சலுகை கொடுக்கிறது, வரிசையோ எல்லாருக்கும் பொது. காசு கொடுத்து சார்ஜ் போட வந்தவர், இலவசக்காரர் 80 வீதத்துக்கு மேலே மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பற்றரி நிறைய நிறைய ஏறும் வேகம் குறையும். கடைசி 20 வீதத்துக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு கார் வந்து போயிருக்கும். பிறகு வந்த ஐ.டி.4 களுக்கு 30 நிமிடம், அடுத்த தடவைக்கு ஒரு மணி நேர இடைவெளி என்று சலுகை சுருங்கியது. 2024 இல் நெரிசல் கூடிய சில நிலையங்களில் 85 வீதத்தோடு நிறுத்தும் விதியைப் பரீட்சித்தார்கள்.

வேறுபாட்டைக் கவனியுங்கள். கியா யூனிட்டுக்கு வரம்பு போட்டது. ஹூண்டாய் நேரத்துக்கு வரம்பு போட்டது. யூனிட் வரம்பு நிறுவனத்தின் பணப்பையைக் காக்கும். நேர வரம்பு வரிசையில் நிற்கிற எல்லாரையும் காக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் நான் நேர வரம்பைத்தான் எடுப்பேன்.

ரூபாவில் போட்டுப் பார்த்தால்

இனிக் கொழும்பு. கணக்குக்காக ஒரு யூனிட் 60 ரூபா, கார் ஒன்றரைக் கோடி, மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர மின்சாரக் கார் ஒன்றுக்கு 100 கிலோமீற்றருக்குச் சுமார் 16 யூனிட் தேவை. மாதம் 160 யூனிட், 9,600 ரூபா. அதே ஓட்டத்துக்கு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிற பெற்றோல் கார் என்றால், லீற்றர் 300 ரூபா வீதம் 25 ஆயிரம் ரூபா ஆகும். ஆகவே முழுக் காசு கொடுத்து சார்ஜ் போட்டாலும் மாதம் 15 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். இலவச சார்ஜ் இல்லாமலே வருகிற மிச்சம் இது.

வீட்டில் பிளக் உள்ள ஒருவர் முக்கால் பங்கை வீட்டில் போட்டு, கால் பங்குக்கு மட்டும் இலவசச் சார்ஜருக்குப் போவார் என்றால், நிறுவனத்துக்கு வருடச் செலவு 28,800 ரூபா. மூன்று வருடத்துக்கு 86,400. ஒன்றரைக் கோடியில் அது 0.6 வீதம்கூட இல்லை. காரின் விலையில் 86 ஆயிரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் வாங்குகிறவர் கண்ணில் அது ஒட்டவே ஒட்டாது. "மூன்று வருடம் சார்ஜ் இலவசம்" என்று சொன்னால் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவார்கள்.

அதே சலுகையை ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 200 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்றால் 5,000 கிலோமீற்றர், 800 யூனிட், 48 ஆயிரம் ரூபா. மூன்று வருடத்தில் 17 இலட்சத்தைத் தாண்டும், காரின் விலையில் 11 வீதத்துக்கு மேல். ஒரே வாக்குறுதி, ஒரே கார், செலவு இருபது மடங்கு. வணிகப் பாவனைக்குத் தடை என்ற சிறிய எழுத்து ஏன் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சார்ஜர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். 50 கிலோவாட் வேகச் சார்ஜர் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 20 யூனிட் கொடுக்கும், 1,200 ரூபா. நிறைந்த கார் ஒன்று எடுக்கப்படாமல் ஒரு மணி நேரம் நின்றால் இரண்டு கார்களின் இடம், 2,400 ரூபா போகிறது. கரண்ட் ஒரு யூனிட்கூடச் செலவாகாமலே.

வெள்ளவத்தையிலிருந்து பார்த்தால்

கொழும்புக்கு இது முதல் அலை இல்லை. 2015 இல் மின்சாரக் கார்களுக்கான வரி பெரிதாகக் குறைக்கப்பட்டபோது, ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு வரி ஏறி அலை அடங்கியது. லீஃபின் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டல் இல்லை. நம் வெக்கையில் அது சீக்கிரம் களைத்துப் போவதைச் சொந்தக்காரர்கள் கண்டார்கள். இன்னொன்றும் நடந்தது. லீஃப் பாவிப்பது சாடெமோ என்ற செருகி. இப்போது வருகிற பிவைடி போன்ற சீனக் கார்கள் பாவிப்பது சிசிஎஸ் 2 என்ற வேறு செருகி. பழைய அலைக்காகக் கட்டிய சாடெமோ வேகச் சார்ஜர் புதிய அலைக்குப் பொருந்தாது. இலவசம் என்று எழுதியிருக்கிற இடத்தில் உங்கள் காருக்கான துளை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பிறகு வந்தது 2022. ஜூன் மாதம் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது, வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன, அதற்கு முன் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டும் பார்த்தோம். அந்த வருடத்தைக் கடந்த குடும்பத்துக்கு, எரிபொருள் கிடைக்குமா என்பது இன்னும் ஆறாத கவலை. இங்கே இலவச சார்ஜின் கவர்ச்சி அமெரிக்காவில் உள்ளதைவிடக் கூடியது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். அதே காரணத்தால் விற்கிறவருக்குப் பொறுப்பும் கூடுகிறது.

காலி வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகளைப் பாருங்கள். பலருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தரிப்பிடம் இருக்கிறது, பிளக் இல்லை. மீற்றர் மேலே வீட்டில். அங்கிருந்து கீழே கம்பி இழுக்க நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். உறவில் தம்பி முறையான ஒருவர் இப்படித்தான் கேட்டார்: "அண்ணா, மூண்டு வருசம் சார்ஜ் ஃப்ரீ எண்டால் எடுக்கலாம்தானே?" நான் திருப்பிக் கேட்டேன், "உங்கட பிளட்டில கீழ பிளக் போட விடுவினமோ?" அவர் அதுவரை கேட்டே பார்க்கவில்லை.

அவர் மாதிரி ஆட்களுக்கு இலவச சார்ஜ் உண்மையாகவே பெறுமதி கூடியது, ஏனென்றால் கால் பங்கு அல்ல, முழுப் பங்கும் வெளியில்தான். நிறுவனத்துக்கு அவர்தான் செலவு கூடிய வாடிக்கையாளர். சலுகை முடிகிற நாளில் மிக அதிகம் பாதிக்கப்படுகிறவரும் அவரே. ராஜகிரியவில் தனி வீடும் கூரையில் சூரியப் படலமும் உள்ளவருக்கு அதே சலுகை பெயருக்குத்தான். அவர் கார் இரவில் வீட்டு முற்றத்திலேயே நிறைந்துவிடும். யாருக்குத் தேவையோ அவருக்குச் செலவு கூடும், யாருக்குத் தேவையில்லையோ அவரால்தான் கணக்கு சரிவரும். டெஸ்லாவின் கலிபோர்னியக் கணக்கு தனி வீட்டு முற்றத்தை நம்பியது. தொடர்மாடிக் கொழும்பில் அதை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது.

ஆகவே விற்கிறவர்களிடம் நான் வேண்டுவது இது. யூனிட்டுக்குக் கொடுக்கும் காசை எடுத்து, வாங்குகிறவரின் தொடர்மாடியில் ஒரு பொதுச் சார்ஜர் புள்ளி போட்டுக் கொடுங்கள். நிர்வாகக் குழுவோடு நீங்களே பேசுங்கள், தனி மீற்றருக்கும் தீப்பாதுகாப்புக்கும் உரிய பொறியியல் வேலையை நீங்களே பொறுப்பெடுங்கள். ஒரு கட்டடத்தில் ஒரு புள்ளி வந்தால் அடுத்த நாலைந்து கார்கள் அதே கட்டடத்திலிருந்து வரும். அந்த விற்பனைக்குச் செலவழித்த காசு மூன்று வருடத்தில் ஆவியாகாது.

பொதுச் சார்ஜரில் இலவசம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். எண்ணெயில் ஓடும் மின்நிலையங்கள் அப்போதுதான் அதிகம் தேவைப்படும். அந்த நேரம் இலவசம் என்பது நாட்டுக்குச் செய்கிற தீங்கு. பகலிலோ நிலைமை நேர்மாறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை விழுந்தபோது, கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் தாங்களாகவே நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்க வேண்டி வந்தது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போக இடமில்லை! அலுவலகத் தரிப்பிடத்திலும் அங்காடித் தொகுதிகளிலும் காலை 9 மணி முதல் 3 மணி வரை இலவசம் என்று வைத்தால், சொந்தக் கூரையில் படலம் உள்ள கட்டடத்துக்குச் செலவும் குறைவு, வாங்குகிறவருக்கும் வேலை நேரத்திலேயே கார் நிறையும். 2025 கட்டணப் பட்டியலிலும் பகல் நேரம் இரவு 10.30 க்குப் பிந்திய நேரத்தைவிட விலை கூடியதாகவே இருந்தது, ஆகவே சொந்தப் படலம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணப் பயணத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பிவைடி அட்டோ 3 இன் 60 யூனிட் பற்றரிக்கு ஐரோப்பியச் சோதனை முறைப்படி 420 கிலோமீற்றர் என்று சொல்கிறார்கள். ஏசி போட்டுக் குடும்பத்தோடும் சாமான்களோடும் போனால் அவ்வளவு வராது. வழியில் ஒரு தடவை நிறுத்தத்தான் வேண்டும், அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ. சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. நல்லூர்த் தேர், மடு ஆவணித் திருவிழா, தைப்பொங்கல் என்றால் எல்லாரும் ஒரே நாளில் கிளம்புவார்கள். 2019 நன்றியறிதல் விடுமுறையில் கலிபோர்னியாவில், அமெரிக்காவின் மிகப் பெரிய வேகச் சார்ஜர் வலையமைப்பை வைத்திருந்த டெஸ்லாவின் நிலையங்களிலேயே கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. ஏ9 வீதியில் ஒரு நிலையத்தில் இரண்டு செருகிகள் மட்டும் இருந்தால் திருவிழாக் காலத்தில் இலவசமா கட்டணமா என்று யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். வட பகுதிப் பயணிகளைக் குறிவைக்கும் விற்பனையாளருக்கு, கொழும்புக்குள் ஆயிரம் யூனிட் இலவசமாகக் கொடுப்பதைவிட வவுனியாவில் நாலு செருகிகள் போட்டு, திருவிழா நாட்களில் 30 நிமிட வரம்பும் முன்பதிவும் வைப்பது நல்ல முதலீடு. கரண்டுக்குக் காசு வாங்கட்டும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வாங்குகிறவர்கள் காட்சியறையில் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சலுகை காரோடு போகிறதா, ஆளோடு போகிறதா? டெஸ்லாவின் ஆரம்பகால இலவசம் காரோடு போனது, பாவித்த கார் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. பிற்காலத்தில் அதை முதல் சொந்தக்காரரோடு கட்டிவிட்டார்கள். லீசிங்கில் எடுத்து நாலு வருடத்தில் விற்க நினைக்கிறவருக்கு இது பெரிய வேறுபாடு. எந்தெந்த நிலையங்கள், எந்த நேரம், ஒரு தடவைக்கு எவ்வளவு நிமிடம், நிலையத்தை நடத்துகிறவர் மாறினால் யார் பொறுப்பு, சார்ஜர் பழுதானால் அந்த நாட்கள் சலுகைக் காலத்தில் சேர்க்கப்படுமா? செயலியைப் பாவித்தால்தான் இலவசம் என்றால் நீங்கள் எங்கே, எப்போது போகிறீர்கள் என்ற விபரம் நிறுவனத்துக்குப் போகிறது, அதை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். பதில்களை விற்பனைப் பிரதிநிதியின் வாயால் மட்டும் கேட்டுவிட்டு வராமல் விலைமனுவில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், இலவச சார்ஜை விட்டுவிட்டு அதே காசுக்கு வீட்டுச் சார்ஜரும் அதைப் பொருத்தும் கூலியும் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.